டிச் பட்டன்

முதலில் ஆடியது கீழ்வரிசை முன்பல்.
முப்பது வருஷம் நூலைக் கடித்தே அறுத்தவள் நான்.
கொசப்பேட்டையில் எத்தனை ரவிக்கையின் கடைசி முடிச்சு
என் வாயில் முடிந்தது, கணக்கில்லை.
சர்க்கரையும் சேர்ந்துகொண்டது.
ஐம்பத்தெட்டில் எல்லாம் போயிற்று.

இந்த ஊரைப் பற்றிச் சொல்வார்களே,
ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது,
கோட்டை இருக்கும், ராஜா இருக்கமாட்டான் என்று,
அந்த வரிசையில் என் வாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செட்டு கட்டினேன்.
மேல்செட்டு சமர்த்து,
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இருக்குமிடம் தெரியாமல் இருந்தது.
கீழ்செட்டுதான் அகழியில் விட்ட படகு,
நாக்கு திரும்பின பக்கம் திரும்பும்.
பசை தடவினேன், பவுடர் தூவினேன்.
துணி என்றால் ஒரு பக்கம் தூக்கும்,
தையல் என்றால் மறுபக்கம்.
என் தொழிலுக்கு வாய்த்த சொல்லெல்லாம்
பல்லைக் கேட்கிற சொல்லாகவே வாய்த்திருந்தது.

ரிஹானா, கல்யாணப் பெண், பத்து ஜாக்கெட்.
இஞ்ச் டேப்போடு குனிந்து
"தோளைத் தளர்த்தும்மா" என்றேன்.
கீழ்செட்டு பறந்துபோய்
அவள் ஜரிகை முந்தானையில் உட்கார்ந்து இளித்தது.
அந்தப் பெண் சிரித்திருக்கலாம்.
கைக்குட்டையில் ஏந்தி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு,
கொடுத்தாள்.
அதுதான் தாங்கவில்லை.

டாக்டர் எப்சிபா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
தாடை எலும்பு
ஏறி இறங்கியே தேய்ந்த படிக்கட்டு மாதிரி இருந்தது.
"கீழ பிடிச்சுக்க ஒண்ணும் மிச்சமில்லம்மா.
முன்பக்கம் ரெண்டு இடம் மட்டும் நல்லா இருக்கு.
ரெண்டு திருகு வைக்கலாம்."
"ரெண்டு போதுங்களா? ஒண்ணு கீது, ஒண்ணு கழண்டா?"
"செட்டு ஆடாம இருக்க ரெண்டு போதும்.
திருகு தலையில ஒரு குமிழ், செட்டுக்கு அடியில ஒரு குழி,
அமுக்கினா மாட்டிக்கும்."
"டிச் பட்டன்" என்றேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
இத்தனை நாள் ஒவ்வொருவருக்கும்
படம் வரைந்துதான் காட்டினாராம்.

தொகையைக் கேட்டு யுவராஜ் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.
ஓவர்லாக் மிஷினுக்குப் போட்ட சீட்டை எடுத்தேன்.
இன்னும் ஓரத்தைக் கையால்தான் அடிக்கிறேன்.

மரத்த தாடையில் துளை போடும் சத்தம்
காது வழியாக வரவில்லை, எலும்பு வழியாக வந்தது.
காட்பாடி ரோட்டு பஸ் ஹாரனெல்லாம்
வேறு ஊரில் அடிப்பது போல.

"அவசரப்படாதீங்க. எலும்பு திருகைப் பிடிக்கணும்."
சித்திரை, வைகாசி, ஆனி.
வேலூர் வெயிலில் ஓடு வெடிக்கிற மாதம் மூன்றும்
கேழ்வரகுக் கஞ்சி, மசித்த இட்லி.
யார் காலும் மிதிக்காமல் உள்ளே
ஒரு தையல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்து நாலாம் நாள்
டக்.
டக்.

கடையில் ஆளில்லாத நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சொல்லிப் பார்த்தேன்.
துணி. தையல். தோள். தளர்த்தி.
தீபாவளிக்குத் தர முடியாது.
ஒன்றும் நகரவில்லை.
இன்னொரு தரம், சத்தமாக:
தீபாவளிக்குத் தர முடியாது.

நூலைக் கடிக்கக் கூடாதென்று கண்டிப்பு.
குட்டிக் கத்தரி கழுத்தில் தொங்குகிறது.
ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு
குமிழ் இரண்டையும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
விளக்கணைத்த பிறகும் நாக்கு
போய்ப் போய்த் தொட்டுவிட்டு வருகிறது.

யுவராஜ், ஒன்று சொல்லி வைக்கிறேன்.
பாலாற்றங்கரையில் பால் தெளித்து
எலும்பு பொறுக்கும்போது
சாம்பலுக்குள் இரண்டு திருகு கிடைக்கும்.
தையல் மிஷின் சாமான், எப்படியோ வந்துவிட்டதென்று
யாராவது ஒதுக்கப் பார்ப்பார்கள்.
விடாதே.
மூன்று மாதம் கஞ்சி குடித்து
நான் எலும்பாக்கியது அது.
சட்டியில் போடு.